அவள் சிரித்ததில் யாருக்கு என்ன குறைந்துவிட்டது?

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி முடியாது.

எந்த வீடியோ என்று சொல்லத் தேவையில்லை. என் நட்புப் பட்டியலில் பாதிப்பேர் பகிர்ந்திருக்கிறீர்கள். கல்யாண மண்டபம், பந்தியில் கடைசி வரிசை. நாலு வயதுப் பையன் அப்பளத்தில் விரலை விட்டு இரண்டு ஓட்டை போட்டு, அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கிறான். அவள் சிரித்துவிடுகிறாள். சோறு ஒட்டிய கையை அப்படியே தூக்கி, புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். மொத்தம் 14 விநாடி. கணவர் இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று யாரோ கீழே எழுதினார். அப்புறம் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். "இதற்குள்ளேயா?" "அவன் ஆத்மா எப்படிச் சாந்தி அடையும்?" "மூன்று மாத நடிப்பு அழுகைக்கு இன்றைக்கு லீவு போலிருக்கிறது." கடைசியாகச் சொன்னதை எழுதியவர் எனக்குத் தெரிந்தவர். நல்லவர் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். துக்கத்துக்கு நடுவில் வருகிற சிரிப்புதான் ஆளைத் தாங்கிப் பிடிக்கிறது. துக்கம் முழுசாக முடிந்து, கணக்குத் தீர்த்து, அதற்கப்புறம் சிரிக்கலாம் என்று காத்திருந்தால் அந்த ஆள் அதற்குள் உடைந்து போயிருப்பாள். இதை இந்தப் பதிவில் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ் பொனானோ, டாக்கர் கெல்ட்னர் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துணையை இழந்து ஏறக்குறைய ஆறு மாதம் ஆனவர்களை உட்காரவைத்து, இறந்துபோனவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதை வீடியோ எடுத்து முகத்தின் ஒவ்வொரு தசையும் எப்படி அசைகிறது என்று பார்த்தார்கள். மரியாதைக்குச் சிரிக்கும்போது உதடு மட்டும் அசையும். மனசிலிருந்து வரும் சிரிப்பில் கண்ணைச் சுற்றியிருக்கிற தசையும் சுருங்கும், அதை வேண்டுமென்று வரவழைப்பது கஷ்டம். செத்துப்போன புருஷனைப் பற்றி, பெண்டாட்டியைப் பற்றிப் பேசும்போதே பலருக்கு அந்தக் கண் சுருங்குகிற சிரிப்பு வந்தது. அப்படிச் சிரித்தவர்கள்தான் பிந்தைய மாதங்களில் துக்கத்திலிருந்து நன்றாக மீண்டவர்கள். இன்னொன்றும் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு அந்தப் பதிவுகளைப் போட்டுக் காட்டியபோது, சிரித்தவர்கள்மீதுதான் அவர்களுக்கு நல்லெண்ணம் அதிகம் வந்தது.

முன்பின் தெரியாதவர்களுக்கு நல்லெண்ணம் வந்தது. நமக்கு என்ன வந்தது என்று அந்தக் கருத்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று நேற்று ஒரு தோழி கேட்டாள். சொல்கிறேன்.

2014-இல் அப்பா போனார். மன்னார்குடி வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்டவர்கள் எல்லோரும் கிளம்பி, நெருங்கிய சொந்தம் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். என் மகள் அப்போது சின்னப் பெண். தாத்தா எப்படிப் பாட்டியைப் பெண் பார்க்க வந்தார் என்று கேட்டாள். அம்மா சொல்ல ஆரம்பித்தார். அவசரத்தில் அப்பா வலது காலில் தன் செருப்பும் இடது காலில் பெரியப்பாவின் செருப்பும் போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். வாசலில் கழற்றும்போதுதான் கவனித்தாராம். இரண்டையும் தூணுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, திரும்பிப் போகும்போது எடுக்க வெட்கப்பட்டு வெறுங்காலோடு போய்விட்டாராம். "மறுநாள் எங்க தாத்தா அந்த ரெண்டு செருப்பையும் காகிதத்துல சுத்தி, தாம்பூலத்தோட அனுப்பிவச்சாரு" என்று சொல்லும்போது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. அந்த முகம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. நெற்றியில் பொட்டு இல்லாத முகம், அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறேன்.

அத்தை உள்ளிருந்து வந்தார். "ஏண்டி, எந்தம்பி போய் முழுசா ஒரு மாசம் ஆகல. பொம்பள சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க?"

அம்மா முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் மூன்று வருஷம் அம்மா சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. டிவியைத் துணி போட்டு மூடிவைத்தார். தெருவில் சாமி ஊர்வலம் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். என்ன வேண்டும் என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்" என்பார். தீபாவளிக்குப் புடவை வேண்டாம், கண் மங்குகிறது என்று டாக்டரிடம் போகலாமா என்றால் வேண்டாம், சென்னைக்கு வந்து பத்து நாள் இரு என்றால் வேண்டாம்.

இந்த "ஒண்ணும் வேணாம்" எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பார்பரா ஃபிரெட்ரிக்ஸன் என்ற உளவியலாளரின் வேலையைப் படித்தபோது புரிந்தது. கோபம், பயம் எல்லாம் மனிதனுக்கு எதற்குப் பயன்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பயந்தால் ஓடுவோம், கோபப்பட்டால் எதிர்ப்போம். சந்தோஷத்தால் என்ன உபயோகம்? 1998-இல் இந்தக் கேள்வியைத்தான் அவர் கேட்டார். அவர் சொல்கிற பதில் இது. கெட்ட உணர்ச்சி நம் பார்வையை ஒரே புள்ளியில் குறுக்கும், நல்ல உணர்ச்சி அதை விரிக்கும். விரிந்த நேரத்தில் நாம் கற்றுக்கொள்வதும் பழகிக்கொள்வதும் அந்தச் சந்தோஷம் போன பிறகும் நம்மிடம் தங்கும். கஷ்டகாலத்தில் கைகொடுப்பது அப்படிச் சேர்த்துவைத்ததுதான். இதை அவர் சோதித்த விதம் எளிமையானது. சிலருக்குச் சின்னப் படத் துண்டுகளைக் காட்டினார். சிலருக்கு மகிழ்ச்சி, சிலருக்கு நிம்மதி, சிலருக்கு பயம், சிலருக்குக் கோபம். பிறகு "இந்த நிமிஷம் என்னென்ன செய்யத் தோன்றுகிறது?" என்று பட்டியல் போடச் சொன்னார். மகிழ்ச்சியும் நிம்மதியும் அடைந்தவர்களின் பட்டியல் நீளமாக இருந்தது. பயந்தவர்களுடையதும் கோபப்பட்டவர்களுடையதும் சின்னதாக இருந்தன.

என் அம்மாவின் பட்டியலில் ஒன்றுமே இல்லை. மூன்று வருஷம்.

அப்புறம் எதிர்வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. அந்த வீட்டுப் பெண்குழந்தைக்கு என் அம்மாவைப் பற்றி எதுவும் தெரியாது, அத்தையைப் பற்றியும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டால் நேராக வந்து அம்மாவின் போனைப் பிடுங்கி, முகத்தில் பூனைக் காது வைக்கிற விளையாட்டைக் காட்டும். ஒருநாள் நான் ஊருக்குப் போனபோது திண்ணையிலிருந்து சத்தம் வருகிறது. அம்மா சிரிக்கிறார். பூனைக் காதோடு தன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். விளையாட்டு விளையாட்டாகவே அம்மா வீடியோ காலும் கற்றுக்கொண்டார், படம் அனுப்பக் கற்றுக்கொண்டார். கண் டாக்டரிடம் போகலாமா என்று அவரே கேட்டார், இந்தச் சின்ன எழுத்து தெரியவில்லையாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து நான் சென்னையில் மாட்டிக்கொண்டபோது, அம்மா அங்கே தனியாக. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அவரே கூப்பிடுவார். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் கற்றுக்கொண்டிருக்க மாட்டார், நிறையத் தடவை முயன்றவள் நான். பூனைக் காது கற்றுக்கொடுத்தது.

இதைத்தான் சொல்கிறேன். சிரிப்பு தாங்கிப் பிடிக்கிறது. அன்றைக்கு மட்டுமல்ல, மூன்று வருஷம் கழித்து வரப்போகிற கஷ்டத்துக்கும் சேர்த்துத் தாங்கியது.

சரி, உங்கள் பதில்களுக்கு வருகிறேன். தனியாகச் சிலரிடம் இதைச் சொன்னபோதே உள்பெட்டியில் வந்துவிட்டன.

"இறந்தவருக்கு மரியாதை வேண்டாமா?" வேண்டும். எண்பது தாண்டிய தாத்தா இறந்தால் கல்யாணச் சாவு என்று நாம்தான் கொட்டடித்து ஆடிக்கொண்டு கொண்டுபோகிறோம். அங்கே சிரிப்பும் ஆட்டமும் மரியாதை. அப்படியானால் சிரிப்பில் அவமரியாதை இல்லை, யார் சிரிக்கிறார் என்பதில்தான் உங்களுக்குப் பிரச்சினை. என் தூரத்துச் சொந்தத்தில் ஒருவருக்கு மனைவி இறந்து ஆறு மாதத்தில் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். "பாவம், ஆம்பள தனியா எப்படி இருப்பான்" என்று அதே அத்தைதான் தரகரிடம் பேசினார். அந்த மனிதர் சிரித்ததை யாரும் எண்ணவில்லை. எண்ணியிருக்கவும் கூடாது. அதே பெருந்தன்மையை ஏன் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க முடியவில்லை? அவளைப் பந்தியில் கடைசி வரிசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். அது ஏன் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய தம்பி கல்யாணத்தில் மேடை ஏறவிடாமல் ஓரமாக உட்காரவைத்து, அங்கேயும் அவள் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்றால் அவள் எங்கேதான் போவாள்?

"இதெல்லாம் பாசிட்டிவ் திங்கிங் வியாபாரம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, அந்த வியாபாரத்தின்மீது எனக்கும் கோபம்தான். அழுதுகொண்டிருப்பவரிடம் போய் "சந்தோஷமா இருங்க" என்று சொல்வதைவிடக் கொடுமை கிடையாது. ஒரு கெட்ட உணர்ச்சிக்கு ஏறக்குறைய மூன்று நல்ல உணர்ச்சி இருந்தால் மனிதன் செழிப்பான் என்று இதே ஃபிரெட்ரிக்ஸன் 2005-இல் இன்னொருவரோடு சேர்ந்து கணக்குப் போட்டு எழுதினார். அந்தக் கணிதம் தப்பு என்று 2013-இல் மூன்று பேர் நிரூபித்தார்கள், அந்தக் கணிதப் பகுதியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தெரிந்துதான் பேசுகிறேன். நான் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை. தானாக வந்த சிரிப்பைப் பிடுங்காதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

"வெள்ளைக்காரன் ஆராய்ச்சி நமக்கு எதற்கு?" கண் சுருங்குவது எல்லா ஊரிலும் ஒன்றுதான், வேறு என்ன சொல்ல.

"சாப்பாட்டுக்கு இல்லாதவனிடம் சந்தோஷத்தைப் பற்றிப் பேசுவீர்களா?" நியாயமான கேள்வி. பேசமாட்டேன், முதலில் சாப்பாடு. ஆனால் அந்தப் பெண்ணை ஏசியவர்களில் ஒருவர்கூட அவள் வீட்டு வாடகைக்கு வழி கேட்டதாக நான் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சூசன் ஃபோக்மன் என்ற ஆய்வாளர் 1990-களில் சான் ஃபிரான்சிஸ்கோவில், எய்ட்ஸ் வந்து இறந்துகொண்டிருந்த துணைவர்களைப் பார்த்துக்கொண்ட ஆண்களிடம் பேசினார். சரியான மருந்து வராத காலம். அவர்கள் படுகிற கஷ்டத்தை மட்டும்தான் முதலில் கேட்டார். கொஞ்ச நாளில் அவர்களே சொல்லிவிட்டார்கள், நீங்கள் பாதியைத்தான் கேட்கிறீர்கள், நல்லதாக நடந்ததை ஏன் கேட்பதில்லை என்று. அந்தக் கேள்வியைச் சேர்த்தபோது ஏறக்குறைய எல்லோரிடமும் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. சாகப்போகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம். அழுகையும் இருந்தது, அதோடு இதுவும் இருந்தது. ஒன்று வந்ததால் இன்னொன்று பொய்யாகிவிடவில்லை.

மூன்று மாதமாக அந்தப் பெண் ராத்திரியில் எப்படி இருந்தாள் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பையன் அப்பளத்தில் ஏன் ஓட்டை போட்டான் என்று யோசித்தீர்களா? அம்மா சிரிக்க மாட்டாளா என்றுதானே போட்டிருப்பான். அவன் ஜெயித்தான். ஊரே கூடி அதைத் தப்பு என்று சொல்லிவிட்டது. இனி அவன் இன்னொரு தடவை முயன்றால், அவள் முதலில் சுற்றிலும் யார் போன் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள்.

அத்தையை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அத்தை வாசல் பக்கம் திரும்பிய பிறகு, அம்மா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்திருக்கலாம். நான் "கொஞ்சம் மெதுவாம்மா, எல்லாரும் இருக்காங்க" என்றேன். பத்து வருஷத்துக்கும் மேலாகிறது. அத்தையின் பழமொழியைவிட நான் சொன்னதுதான் அம்மாவை அடித்திருக்கும். அத்தை நாத்தனார், நான் மகள்.

முந்தாநாள் அம்மாவிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பையன் அப்பளத்தைத் தூக்கும்போதே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி போடச் சொன்னார், போட்டேன். கீழே இருந்த கருத்துகளை நான் காட்டவில்லை. "யாரு பெத்த புள்ளையோ, எவ்வளவு அழகா சிரிக்குது" என்றார்.

இன்று காலை திரும்பவும் கேட்டார். "அந்த அப்பளப் பையனைப் போடேன்." தேடினேன். பதிவேற்றிய உறவுக்காரர் அதை எடுத்துவிட்டார். அவள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காத்துக்கொண்டிருக்கிறார், நான் நெட் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.