480 நாளுக்குள் வெளியேற்றப்படும் திறமை

ஒப்பந்தத் தொழிலாளர் என்றால் ஆலை நிர்வாகங்களுக்குச் செலவு மிச்சம். இந்திய ஆலைத் தொழிலாளர்களில் அவர்களின் பங்கு 2000ஆம் ஆண்டு வாக்கில் ஐந்தில் ஒன்றாக இருந்தது; மத்திய அரசின் வருடாந்திரத் தொழில்துறை ஆய்வின்படி இப்போது 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அந்த மிச்சத்தில் பெரும்பகுதி உற்பத்தியிலேயே கரைந்துபோகிறது என்பது என் உறுதியான கருத்து.

கன்வேயர் ஓடும் லைனில் இந்த இழப்பு தெரியாது. வேகத்தை இயந்திரமே தீர்மானிப்பதால், யார் நின்றாலும் ஷிப்டுக்குரிய எண்ணிக்கை ஏறக்குறைய வந்துவிடும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் பிரஸ் ஷாப்புக்குள், அதாவது தகட்டை அழுத்தி வெட்டும் பிரிவுக்குள் போனால்தான் வேறுபாடு புரியும். தகட்டை வெட்டும் டை மழுங்கத் தொடங்கினால் வெட்டிய விளிம்பில் பிசிறு எழும். பழகியவர் அதைக் கண்டதும் பிரஸ்ஸை நிறுத்தி, டையைச் சாணை பிடிக்க அனுப்பச் சொல்வார். புதிதாக வந்தவருக்கு அது பிடிபடாது. பிடிபட்டாலும், லைனை நிறுத்திய பழி தன்மேல் விழுந்து, மறுநாளே காண்ட்ராக்டர் தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பிவிடுவாரோ என்ற அச்சத்தில் வாய் திறக்க மாட்டார். அதற்குள் பெட்டி பெட்டியாக ரிஜெக்‌ஷன் சேர்ந்துவிடும். அந்த நட்டம் தரப் பிரிவின் கணக்கில் ஏறுகிறதே தவிர, ஆள் எடுத்த முறையோடு அதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். தொழிலாளியைக் காக்கவே அது வந்தது. ஆனால் அந்த எல்லையை நெருங்கும் முன்பே பணித் தொடர்ச்சி அறுபடும்படி ‘பிரேக்’ கொடுத்து அனுப்பிவிடும் நிர்வாகங்கள் உண்டு. வேலை நன்றாகக் கைவந்த நேரத்தில் ஆளை அனுப்பிவிட்டு, அதே இயந்திரத்தில் இன்னொருவருக்கு அரிச்சுவடியிலிருந்து கற்றுத்தருவதை எந்தக் கணக்கில் சிக்கனம் என்பது?

நிரந்தரமாக்கினால் வேலையில் சுணக்கம் வரும் என்பார்கள். சில இடங்களில் அது உண்மைதான். ஆனால் அதைச் சரிசெய்வது மேற்பார்வையின் பொறுப்பு, அதற்காக எல்லோரையும் அச்சத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை.

2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, காண்ட்ராக்டர் இல்லாமல் நிர்வாகமே நேரடியாக எடுக்கும் குறித்த கால வேலைக்கு இடமளிக்கிறது. அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளருக்கு இணையான ஊதியமும், ஓராண்டுப் பணிக்கே பணிக்கொடையும் உண்டு. இடைத்தரகர் முறையைவிட இது மேல். ஆனால் காலம் முடிந்ததும் வெளியேற வேண்டும் என்றால் பழைய இழப்பு அப்படியே தொடரும். ஆகவே, எந்தத் தேர்ச்சியை எட்டினால் நிரந்தரப் பணியிடம் கிடைக்கும் என்பதை முதல் நாள் கொடுக்கும் பணி ஆணையிலேயே நிர்வாகம் எழுத வேண்டும்.