கனவைக் கண்டவரிடம் கேட்டீர்களா?

கனவில் பாம்பு வந்தால் அடக்கி வைத்த காமம், பல் விழுந்தால் இழப்பைப் பற்றிய பயம், மாடிப்படி ஏறினால் வேறொன்று. இப்படி ஒரு பட்டியலைப் போட்டு, கீழே "இது ஃப்ராய்டு சொன்னது" என்று முத்திரையும் குத்திவிடுகிறார்கள். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் தன் கனவைச் சொல்லி முடிப்பதற்குள், அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எதிரில் இருந்தவர் தீர்ப்பே எழுதிவிட்டார். எனக்கு இந்தப் பழக்கத்தின் மேல் கோபம் உண்டு. ஆழ்மனம் என்று ஒன்று இல்லை என நினைப்பதால் வந்த கோபம் இல்லை இது. அது இருக்கிறது என்று முழுதாக நம்புவதால்தான் இவ்வளவு வருத்தம்.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டின் 'கனவுகளின் விளக்கம்' 1899 நவம்பரில் வெளிவந்தது. புத்தகத்தில் ஆண்டு 1900 என்று போட்டிருந்தார்கள். அச்சிட்ட 600 பிரதிகள் விற்றுத் தீர எட்டு வருஷம் ஆயிற்று. அதன் இரண்டாம் அத்தியாயத்திலேயே, இந்தப் பொருளுக்கு இந்தப் பலன் என்று அகராதி மாதிரி பார்க்கும் கனவு நூல்களை அவர் ஒதுக்கி வைக்கிறார். ஒரே காட்சி இரண்டு பேருக்கு இரண்டு அர்த்தம் தரும் என்கிறார். அவருடைய முறை வேறு. கனவைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் தன் மனதில் என்ன தோன்றுகிறதோ அதை, அசிங்கம், அபத்தம் என்றெல்லாம் தடுத்து நிறுத்தாமல் கனவு கண்டவர் சொல்ல வேண்டும். முந்தின நாள் நடந்த ஏதோ ஒரு சின்ன விஷயம் கனவில் கட்டாயம் தலைகாட்டும், அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம். குறியீடுகளுக்கென்று தனிப் பகுதி 1914 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு அவருடைய ஆரம்பகாலச் சீடர் வில்ஹெல்ம் ஸ்டெக்கலின் தாக்கம் ஒரு முக்கியக் காரணம். நாம் பிடித்துக்கொண்டதோ அந்தப் பிற்சேர்க்கையைத்தான்.

அந்த முறையைப் புரிந்துகொள்ள ஃப்ராய்டின் சொந்தக் கனவு ஒன்றே போதும். 1895 ஜூலை 23 இரவு. வியன்னாவின் புறத்தே பெல்வியூ என்ற வீட்டில் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார். கனவில் ஒரு பெரிய கூடம், நிறைய விருந்தினர்கள். அவர்களில் ஒருத்தி இர்மா, அவரிடம் சிகிச்சையில் இருப்பவள். தொண்டையும் வயிறும் வலிக்கிறது என்கிறாள். ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார், உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு. நண்பர் ஓட்டோ அவளுக்கு ஊசி போட்டிருக்கிறார் என்று தெரியவருகிறது. ட்ரைமெதிலமின் என்ற வேதிப்பொருளின் வாய்பாடு தடித்த எழுத்தில் கண்முன் நிற்கிறது. அந்த ஊசி சுத்தமாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

முந்தின நாள் அதே ஓட்டோ வந்து, இர்மாவுக்குத் தேவலாம், ஆனால் முழுதாகக் குணமாகவில்லை என்று சொல்லியிருந்தார். அந்தக் குரலில் ஒரு குற்றச்சாட்டு இருப்பதாக ஃப்ராய்டுக்குப் பட்டது. தன் பக்க நியாயத்தை நிறுவ, அன்று ராத்திரியே உட்கார்ந்து இர்மாவின் நோய் வரலாற்றை எழுதினார். அப்புறம்தான் தூங்கப் போனார். கனவு அவருக்கு வேண்டியதைக் கொடுத்தது: தப்பு என் மேல் இல்லை, ஊசி போட்டவன் மேல். கனவு என்பது ஆசை நிறைவேற்றம் என்று இதிலிருந்துதான் சொல்கிறார்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஃப்ராய்டின் மருத்துவராக இருந்த மாக்ஸ் ஷூர், அதுவரை வெளிவராத கடிதங்களை வைத்து 1966இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்த 1895ஆம் வருஷம் பிப்ரவரியில், ஃப்ராய்டின் நெருங்கிய நண்பர் வில்ஹெல்ம் ஃப்ளீஸ், எம்மா எக்ஸ்டைன் என்ற ஃப்ராய்டின் நோயாளிக்கு மூக்கில் அறுவை செய்தார். அரை மீட்டர் நீளமுள்ள துணியை உள்ளேயே விட்டுவிட்டார். மார்ச்சில் இன்னொரு மருத்துவர் அதை இழுத்து எடுத்தபோது ரத்தம் பீறிட்டு, அந்தப் பெண் சாவின் விளிம்புவரை போய் வந்தாள். ஃப்ராய்டு பக்கத்தில்தான் இருந்தார். நான்கு மாதம் கழித்து, அலட்சியமாகப் போட்ட ஊசி ஒன்று கனவில் வருகிறது. ட்ரைமெதிலமினைப் பற்றித் தன்னிடம் பேசியவர் ஒரு நண்பர் என்று பெயர் சொல்லாமல் புத்தகத்தில் எழுதுகிறார். அந்த நண்பர் ஃப்ளீஸ். எம்மாவுக்கு நடந்ததைப் பற்றி மட்டும் அங்கே ஒரு வரி கிடையாது.

எனக்கு இது ஃப்ராய்டின் கோட்பாட்டைப் பொய்யாக்கவில்லை. மனம் தன்னிடமிருந்தே எதையோ மறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? என்னை உறுத்துவது அடுத்து நடந்தது. 1896இல் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதங்களில், எம்மாவுக்கு ரத்தம் போனதே ஏக்கத்தால்தான், அது ஹிஸ்டீரியா, அதாவது மனதின் தவிப்பு உடலில் நோயாக வெளிப்படுவது என்கிறார் ஃப்ராய்டு. கண்ணால் பார்த்த காயத்தை அவளுடைய ஆசையாக மாற்றிவிட்டார். தன் மனதைத் துருவிப் பார்க்க அவரே செய்த கருவி, நண்பரைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் பக்கம் திரும்பிவிட்டது.

இது ஒருமுறையோடு நிற்கவில்லை. 1900 அக்டோபரில் பதினெட்டு வயதை நெருங்கிய பெண் ஒருத்தியை அவளுடைய அப்பா ஃப்ராய்டிடம் கூட்டிவந்தார். ஃப்ராய்டு அவளுக்கு வைத்த பெயர் டோரா. உண்மைப் பெயர் இடா பவர். குடும்ப நண்பர் ஒருவர், ஃப்ராய்டின் எழுத்தில் ஹெர் கே, சிறுமியாக இருக்கும்போதே அவளைக் கடையில் தனியாக வரவழைத்துக் கட்டிப்பிடித்து முத்தமிட்டவர். பின்பு ஏரிக்கரையில் ஆசை வார்த்தை பேச, கன்னத்தில் அறைந்துவிட்டு வந்தாள். அவர் மறுத்தார். அப்பாவும் அவரைத்தான் நம்பினார். அந்த அப்பாவுக்கு ஹெர் கேயின் மனைவியோடு உறவு இருந்தது.

டோராவுக்குத் திரும்பத் திரும்ப வந்த கனவு இது. வீடு தீப்பிடித்து எரிகிறது. அப்பா கட்டிலருகே நின்று எழுப்புகிறார். அவசரமாக உடுத்துகிறாள். அம்மா நகைப்பெட்டியை எடுக்கப் பார்க்கிறாள்; உன் நகைப்பெட்டிக்காக நானும் என் இரண்டு பிள்ளைகளும் எரிந்து சாக முடியாது என்கிறார் அப்பா. எல்லோரும் கீழே இறங்கி ஓடுகிறார்கள். வெளியே கால் வைத்ததும் விழித்துக்கொள்கிறாள்.

ஃப்ராய்டு கேட்கக் கேட்க அவள் சொன்னாள். ஏரிக்கரைச் சம்பவத்துக்குப் பிறகு, கே தம்பதியின் வீட்டில் தங்கியிருந்த ஒரு மதியம் சோபாவில் படுத்திருந்தபோது கண் விழித்தால், ஹெர் கே எதிரே நிற்கிறார். அறைச் சாவியை அவர் மனைவியிடம் கேட்டு வாங்கி உள்ளே பூட்டிக்கொண்டு உடை மாற்றினாள். மறுபடி பூட்டப் போனால் சாவியைக் காணோம். அவர்தான் எடுத்திருப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவசரமாக உடுத்தியது ஏன், கனவு ஏன் அந்த வீட்டில் இருந்த வரைக்கும் தொடர்ந்தது என்பதெல்லாம் அந்தச் சாவியிலேயே இருக்கிறது. இந்த வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். ஃப்ராய்டும் அதுவரை சரியாகவே வந்தார். அங்கேயே நின்றிருக்கலாம். நகைப்பெட்டி பெண்ணுறுப்பு, உனக்கு ஹெர் கேயின் மேல் ஆசை, அதைக் கண்டு பயந்து அப்பாவின் மேல் இருந்த பழைய பாசத்தைக் கூப்பிடுகிறாய் என்று போனார். சிறு வயதில் அந்த முத்தம் அருவருப்பாக இருந்தது என்றாள். அந்த அருவருப்பே ஹிஸ்டீரியாவின் அறிகுறி என்றார். அவள் ஏற்கவில்லை. ஏற்க மாட்டாள் என்பதும் அவருக்குச் சாதகமாகவே போயிற்று. இல்லை என்று சொன்னால் உள்ளே ஆமாம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், அவள் எதைச் சொல்லித் தப்பிப்பது?

டிசம்பர் 31 அன்று அவள் சிகிச்சையை நிறுத்திவிட்டுப் போனாள். 1902 ஏப்ரலில் ஒருநாள் திரும்பி வந்து ஒரு செய்தி சொன்னாள்: கே தம்பதியை நேரில் கண்டு பேசியதையும், ஏரிக்கரையில் நடந்ததை ஹெர் கே ஒப்புக்கொண்டதையும். இதை எழுதி வைத்தவரும் ஃப்ராய்டுதான். 1905இல் வெளியிட்ட அந்த நோய் வரலாற்றில், டோரா தன்மேல் ஏற்றிப் பார்த்த உணர்ச்சிகளைச் சரியான சமயத்தில் கவனிக்கத் தவறினேன் என்றும் எழுதினார். அந்த நேர்மைக்கு என் மரியாதை எப்போதும் உண்டு.

கனவெல்லாம் மூளையின் வெறும் இரைச்சல் என்பவர்களும் இருக்கிறார்கள். 1953இல் தூக்க ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் க்ளைட்மனும் தூக்கத்தில் கண்கள் வேகமாக அசையும் கட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். 1977இல் ஹாப்சன், மெக்கார்லி என்ற இரு ஆய்வாளர்கள் கனவுக்கு மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டே காரணம் என்றார்கள். அது அவ்வளவு எளிதில்லை என்று நரம்பியல் உளவியலாளர் மார்க் சோல்ம்ஸ் பிறகு காட்டினார். 2004இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் குழு செய்த பரிசோதனையில், தூங்கப் போகுமுன் ஒருவரை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களின் கனவில் அந்த ஆள் அதிகமாக வந்தார். ஃப்ராய்டின் ஆசை நிறைவேற்றக் கொள்கை முழுதும் இதனால் நிரூபணமாகாது. ஆனால் ஒதுக்கிய நினைவு ராத்திரியில் திரும்பி வரும் என்ற அவருடைய அடிப்படை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

தன் மனம் தனக்கே தெரியாது என்பதுதானே கோட்பாடு, அப்புறம் கனவு கண்டவரைக் கேட்டு என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெளியாள் வேண்டும்தான். இர்மா கனவைத் தனியாகப் பிரித்தபோது ஃப்ராய்டு ஓர் எல்லைக்குமேல் போகவில்லை. அந்த நண்பர் யார், அவர் பெயரை ஏன் சொல்லத் தயங்குகிறீர்கள் என்று யாராவது பக்கத்திலிருந்து கேட்டிருந்தால் இன்னும் போயிருப்பார். டோராவிடம் கேள்வி கேட்ட வரைக்கும் அவருக்குச் சாவி கிடைத்தது, உடுத்தும்போது இருந்த பயம் கிடைத்தது. பதிலையும் தானே சொல்ல ஆரம்பித்த இடத்தில் அவளை இழந்தார். யாராவது என்னிடம் கனவைச் சொன்னால் நான் கேட்பது இவ்வளவுதான்: நேற்று என்ன நடந்தது, இந்த இடத்தைச் சொல்லும்போது உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுகிறேன்.