பேச்சியம்மாள் என்ற பெயரில் சிரிக்க என்ன இருக்கிறது?

அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள்களாக இருந்தேன். நிகழ்ச்சியின் பெயரையும் தொகுப்பாளரின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை; நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பாதிப் பேர் பகிர்ந்தும்விட்டீர்கள். மேடையேறிய பெண் தன் பெயர் பேச்சியம்மாள் என்கிறாள். "அப்போ பேச்சு கொஞ்சம் அதிகமோ?" என்கிறார் தொகுப்பாளர். அரங்கம் சிரிக்கிறது. "வீட்டில் கூப்பிட வேறு நல்ல பெயர் இருக்குமே?" என்பது அடுத்த கேள்வி. அந்தப் பெண்ணும் கூடவே சிரித்தாள். அதுதான் என்னை உறுத்துகிறது. சுடலைமுத்து என்ற பெயரோடு சென்னையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன் நான். அந்தச் சிரிப்பைப் பல முறை சிரித்திருக்கிறேன்.

பேச்சி என்றால் வாயாடி என்று பொருள் இல்லை. நெல்லைச் சீமையில் சுடலைமாடன் கோயில்களில் மாடனோடு பீடம் கொண்டிருப்பவள் அவள். பிள்ளைப்பேற்றுக்கும் பச்சைக் குழந்தைக்கும் காவல் என்று எங்கள் பெண்கள் நம்பியவள். தாயும் பிள்ளையும் தனித்தனியாகப் பிழைத்து வந்தால், நேர்ந்துகொண்டபடி அவள் பெயரைச் சூட்டினார்கள். இசக்கியும் அப்படித்தான், இயக்கி என்ற பழஞ்சொல்லின் மருவல் அது. குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை என்ற பெயர்களுக்கும் சிரிப்பீர்கள். முன்பு பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்தோ, பிறரிடம் கொடுத்துப் பிச்சையாக வாங்கியோ, எமன்கூட வேண்டாம் என்று ஒதுக்கட்டும் என்று வைத்த பெயர்கள் அவை. இரண்டு மூன்று பிள்ளைகளைப் புதைத்த ஒருத்தியின் பயம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. சிரியுங்கள்.

என் பெயர் என் தாத்தாவின் பெயர். பெயரை உடையவன் என்பதால்தான் அவனைப் பெயரன் என்றார்கள், அதுவே பேரன் ஆயிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், என் அம்மா ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "அய்யா" என்பாள், கோபம் வந்தால் "ஏலே" என்பாள். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் பெயரைக் கேட்க, அம்மா பக்கத்துவீட்டு அக்காவைப் பார்த்துக் கைகாட்டினாளாம், நீ சொல்லு என்று. அவ்வளவு மரியாதையாகக் காக்கப்பட்ட பெயரை, நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே மேலாளர் இரண்டாக ஒடித்தார். "சுடலை என்றால் சுடுகாடுதானே? காலங்காத்தால எதற்கு, முத்து என்றே கூப்பிடுகிறேன்." நானும் சிரித்தேன். ஓய்வுபெறும் வரை முத்து.

காலத்துக்குக் காலம் பெயர் மாறத்தானே செய்யும் என்று இப்போது சில நண்பர்கள் எழுதுவார்கள். மாறட்டும், யார் வேண்டாம் என்றது? வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற்கலைஞர் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். 1953இல் பிறந்த பிள்ளைக்கு, அந்த வாரமே இறந்துபோன சோவியத் தலைவரின் பெயரை வைத்தார் ஒரு தகப்பனார். பிடிக்கிறதோ இல்லையோ, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. இன்றைய பெயர்களுக்குப் பின்னால் இருப்பவை நட்சத்திர எழுத்து, எண்கணிதக்காரர் கூட்டிய தொகை, கைப்பேசிச் செயலியின் பட்டியல் ஆகியவைதாம். என் வகுப்பில் ரமேஷ் மூன்று பேர், சுரேஷ் நான்கு பேர். அன்று அதைவிட நவீனமான பெயர் இல்லை. இன்று அவை மாமாக்களின் பெயர்கள். ரித்விக்கும் தன்விக்கும் தாத்தாக்கள் ஆகும்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எப்படிச் சிரிப்பார்கள் என்று பார்க்க நான் இருக்க மாட்டேன்.

இன்னொரு எதிர்ப்பு கனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பெயர்கள் சாதியைக் காட்டிக்கொடுத்தவை. கருப்பன், மண்ணாங்கட்டி என்று ஏவிக் கூப்பிட வசதியாக அடுத்தவர் இட்டவையும் உண்டு. அவற்றை உதறிய பிறகே ஒரு தலைமுறை நிமிர்ந்து நடந்தது. உண்மைதான். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னதன் நியாயமும் அதுவே. போதும்பொண்ணு, வேண்டாம் என்றெல்லாம் பெண் குழந்தைகளுக்குப் பெயரிட்ட கொடுமையையும் நான் மறைக்கவில்லை. பெயரைச் சுமந்தவர் அதைத் தூக்கி எறிந்தால் அது விடுதலை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்கும் ஒருவர் அதைப் பிடுங்கிச் சிரித்தால் அதற்கு என்ன பெயர்? சாதியை ஒழிக்கவா அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்?

சும்மா ஒரு நகைச்சுவைதானே என்பவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

சரி, உங்கள் மகனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்பீர்கள். கேட்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஹரீஷ். 1998இல் பிறந்தான், புனர்பூசம், 'ஹ' வந்தது என்றார் சோதிடர். அது தமிழ் நெடுங்கணக்கிலேயே இல்லாத எழுத்து என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வழக்கப்படி என் அப்பாவின் பெயரான மாடசாமியைத்தான் வைத்திருக்க வேண்டும். பெயர் சூட்டிய அன்று அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாருக்குடே" என்றார். பிறகு கடைசி வரைக்கும் அவனை "பேரப்பிள்ளை" என்று மட்டுமே கூப்பிட்டார். 'ஹ' அவருக்கு வாயில் வரவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் நான் பட்டது அவனுக்கு வரக் கூடாது என்று பயந்தேன், அவ்வளவுதான். இதற்காக என்னைக் கேலி செய்ய விரும்புபவர்கள் செய்துகொள்ளலாம், எனக்குப் பழக்கம்தான்.

அந்தக் காணொளியை எனக்கு முதலில் அனுப்பியவனும் அவன்தான். அடியில் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் மூன்று. அவனுடைய ஆச்சியின் பெயரும் பேச்சியம்மாள்தான். ஆச்சி என்றே கூப்பிட்டு வளர்ந்தவன், அவனுக்குத் தெரிந்திருக்காது.