அந்த மெழுகுவத்தியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை 'நாஸ்டால்ஜியா' படத் திரையிடலில் நடந்ததைத் திரும்ப விவரிக்கப் போவதில்லை. வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். படத்தில் மெழுகுவத்தியோடு நடப்பவனைக் கிண்டல் செய்து, தம்பி ஒருவர் செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, திரைக்கு முன்னால் அடிமேல் அடி வைத்து நடக்கிறார். பின்னால் ஒரே சிரிப்பு. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இன்று காலை அதே வீடியோ, வேகம் கூட்டி, காமெடி மியூசிக் சேர்த்து, எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்புக்கே வந்துவிட்டது. "ஒரு ஆள் மெழுகுவத்தியோட ஒன்பது நிமிஷம் நடக்கிறான், இதுக்குப் பேர் படமாம்" என்று தலைப்பு வேறு.

அந்த ஆள் ஏன் நடக்கிறான் என்று யாராவது ஒருவர் கேட்டீர்களா?

ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'நாஸ்டால்ஜியா', 1983. ஆந்திரேய் கோர்ச்சகோவ் என்ற ரஷ்யக் கவிஞன் இத்தாலிக்கு வருகிறான். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த ஒரு ரஷ்ய இசைக்கலைஞனைப் பற்றி ஆராய வந்தவன். அந்த இசைக்கலைஞன் பண்ணையடிமை. திரும்பிப் போனால் மறுபடி அடிமைதான் என்று தெரிந்தே ஊருக்குப் போய், அங்கே தற்கொலை செய்துகொண்டவன். கோர்ச்சகோவுக்கும் அதே ஊர் ஏக்கம். பேக்னோ விக்னோனி என்ற ஊரில், வெந்நீர் ஊற்றுக் குளத்தின் கரையில், தோமெனிக்கோ என்ற மனிதரைச் சந்திக்கிறான். உலகம் அழியப் போகிறது என்று குடும்பத்தையே ஏழு வருடம் வீட்டுக்குள் பூட்டி வைத்தவர். ஊரே பைத்தியம் என்கிறது. எரியும் மெழுகுவத்தியோடு அந்தக் குளத்தைக் கடந்துவிட்டால் உலகம் பிழைக்கும் என்று நம்புகிறார். அவர் இறங்கினால் பிடித்து இழுத்துப் போட்டுவிடுகிறார்கள். "எனக்காக நீங்கள் செய்யுங்கள்" என்று மெழுகுவத்தியைக் கோர்ச்சகோவிடம் கொடுக்கிறார்.

அது வாக்கு. பைத்தியம் என்று ஊர் ஒதுக்கிய ஒருவருக்குக் கொடுத்த வாக்கு. ஊருக்குப் புறப்படும் நேரத்தில் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு அவன் அந்தக் குளத்துக்குத் திரும்பி வருகிறான். அங்கே ரோமில், மார்க்கஸ் ஒளரேலியஸ் சிலைமேல் ஏறிப் பேசி முடித்து, தோமெனிக்கோ தன்மேல் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திக்கொள்கிறார். படிகளில் நிற்கிற கூட்டம் அசையாமல் பார்க்கிறது. இங்கே தண்ணீர் வடித்த குளத்தில், சேற்றில், இதய நோயாளியான ஒருவன் கோட்டை விரித்துச் சுடரைக் காத்துக்கொண்டு நடக்கிறான். அணைகிறது. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறான். மறுபடி அணைகிறது. மறுபடி வருகிறான். மூன்றாவது தடவைதான் மறுகரை. இவ்வளவும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். கேமரா அவன் கூடவே நகர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போகிறது.

"ரெண்டு நிமிஷமா வெட்டியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். எல்லாமே குறைந்திருக்கும். வெட்டினால் அவன் நடக்கவில்லை, நடந்த மாதிரி காட்டினார்கள் என்று ஆகிவிடும். ஒரு மனித வாழ்க்கையை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஷாட்டில் காட்ட வேண்டும் என்று தார்க்கோவ்ஸ்கி தன்னிடம் கேட்டதாக கோர்ச்சகோவாக நடித்த யான்கோவ்ஸ்கி பிற்பாடு சொல்லியிருக்கிறார். அணைந்துவிடுமோ என்ற பயம் உங்களுக்கும் வர வேண்டுமென்றால் நீங்களும் அந்த ஒன்பது நிமிடம் கூட இருந்தாக வேண்டும்.

எங்கள் அம்மா அடிப்பிரதட்சணம் செய்து நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்து பிழைத்ததற்காக. ஒரு குதிகாலை மற்றக் காலின் கட்டைவிரலில் ஒட்டி வைத்து, ஒட்டி வைத்து, உச்சிவெயிலில் அம்மன் கோயில் வெளிப்பிரகாரத்தில் பதினொரு சுற்று. ஏழாவதா எட்டாவதா என்று நடுவில் சந்தேகம் வந்துவிட்டது. அத்தை "எட்டுதான் அண்ணி, நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். அம்மா கேட்கவில்லை. கொடிமரத்துக்கு வந்து ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். சுடும் கல்லில் பாதம் கொப்பளித்துப் போயிற்று. அன்று அந்தப் பிரகாரத்தில் யாரும் சிரிக்கவில்லை. வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஒதுங்கி நின்றார்கள். கல்லூரிக் காலத்தில் கோர்ச்சகோவ் முதல் தடவை திரும்பி வந்ததைப் பார்த்தபோது எனக்கு விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை.

"பணம் கொடுத்து வந்தவனுக்குச் சிரிக்க உரிமை இல்லையா?" உண்டு. பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகவும் உரிமை உண்டு. பக்கத்தில் கண் கலங்கி உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் டார்ச் அடிக்க உரிமை இல்லை.

"நீ அறிவுஜீவி, உனக்குப் புரியும், எங்களுக்குப் புரியாது" என்பவர்களுக்கு: எனக்கும் முழுக்கப் புரியவில்லை. மெழுகுவத்தியால் உலகம் எப்படிப் பிழைக்கும் என்று எனக்குத் தெரியாது. தோமெனிக்கோ தீர்க்கதரிசியா, நோயாளியா? இருபது வருடமாக யோசிக்கிறேன். புரியாத இடத்தில் கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான் நான் கேட்பது.

கோர்ச்சகோவுடன் வரும் மொழிபெயர்ப்பாளர் யூஜீனியாவை இந்தப் படம் நடத்தும் விதம் சரியில்லை என்று ஒரு தோழி எழுதியிருந்தார். அது நியாயம். ஆனால் இப்போது நான் பேசுவது அதுவல்ல.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். நான் ஷார்ஜாவில் ஐந்து வருடம் இருந்தவன். 2012-ல் அப்பா இறந்தபோது என் பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. சூப்பர்வைசர் ஊருக்குப் போயிருக்கிறார், வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். நான் வந்து சேர்ந்தது ஆறாம் நாள். "எனக்கு ஒண்ணு ஆனா நீதான்டா கொள்ளி வைக்கணும்" என்று அப்பா கேட்டு, "சரிப்பா" என்று நான் சொல்லியிருந்தேன். சித்தப்பா மகன் வைத்தான். கொடுத்த வாக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவன் சேற்றில் நடப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராது. மன்னியுங்கள், வராது.

அந்தப் படத்தை எடுத்தவருக்கும் ஊர் திரும்ப முடியவில்லை. 1984 ஜூலையில் மிலான் நகரில், இனி சோவியத் யூனியனுக்குத் திரும்புவதில்லை என்று அறிவித்தார். மகன் அங்கேயே சிக்கிக்கொண்டான். தகப்பனுக்குப் புற்றுநோய் என்று ஆனபிறகு, 1986-ல்தான் பையனை வெளியே விட்டார்கள். அந்த டிசம்பரில் பாரிஸில் அவர் இறந்தார். வயது 54. புதைத்ததும் பாரிஸுக்கு வெளியே ஒரு ரஷ்யக் கல்லறைத் தோட்டத்தில்தான்.

இன்னொன்று. அந்தச் சிரிப்புக் களேபரத்தில் பாதிப் பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகுதான் கடைசி ஷாட். கூரை இல்லாத இத்தாலியத் தேவாலயம், அதன் நடுவே அவனுடைய ரஷ்யக் கிராமத்து வீடு, முன்னால் அவனும் நாயும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பனி விழ ஆரம்பிக்கிறது. அதன்மேல்தான், தன் அம்மாவின் நினைவுக்கு என்று தார்க்கோவ்ஸ்கி எழுதிய வரி வரும். உங்கள் தலைகள் மறைத்ததில் பின்வரிசையில் எங்களுக்கு அது தெரியவில்லை.

தம்பி, அந்த வீடியோவை எடுத்துவிடு.