மடியில் பிடித்துக்கொண்டால் போதாது

"பாப்பா என் மடியிலேயே இருக்கட்டும், நான் கெட்டியாப் பிடிச்சுக்கிறேன்" என்று அத்தை சொல்வது முழுக்கப் பாசம்தான். ஆனால் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி நின்றால், 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 250, 300 கிலோ பாரம் போல முன்னால் பாயும். அதைப் பிடித்து நிறுத்தும் பலம் எந்தக் கைக்கும் கிடையாது.

அதற்குத்தான் காரில் பொருத்துகிற குழந்தை சீட். அதை வாங்கப் போன கடையில் வயதைக் கேட்டார்கள், என்ன கலர் என்று கேட்டார்கள், உயரத்தையும் எடையையும் கேட்கவே இல்லை. "ஒரு வயசாச்சுல்ல, இனி முன்பக்கம் பார்த்து உட்காரவைக்கலாம்" என்றார் கடைக்காரர். 13 மாதக் குழந்தைக்கு இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. அந்த வயதில் உடம்போடு பார்த்தால் தலைதான் பாரம், கழுத்தெலும்பு முழுசாக இறுகியிருக்காது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் மோதலின் வேகத்தை முதுகும் தலையும் சேர்ந்து சீட்டின் மேல் வாங்கிக்கொள்ளும், முன்பக்கம் பார்த்திருந்தால் தலை மட்டும் வீசி எறியப்பட்டு அத்தனையும் கழுத்தில் இறங்கும். குழந்தை சீட்டுகளுக்கான ஐரோப்பாவின் ஆர்129 விதி 15 மாதம் முடிகிறவரை பின்பக்கம்தான் என்கிறது. என்னைக் கேட்டால் அதையும் தாண்டி, அந்த சீட்டுக்குச் சொல்லியிருக்கிற உயரமும் எடையும் எட்டுகிறவரை திருப்பவே வேண்டாம்.

அப்புறம், உங்கள் காரில் ஐசோஃபிக்ஸ், அதாவது குழந்தை சீட்டை நேராகக் காரோடு பூட்டுகிற கம்பிகள், இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பின்சீட்டில் சாய்மானமும் இருக்கையும் சேரும் இடுக்கில் கையை விட்டால் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்படும். இல்லாவிட்டால் கார் பெல்ட்டால் கட்டுகிற சீட் வாங்கலாம், மாட்டிய பிறகு அடிப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. ஏர்பேக் வேலை செய்கிற முன்சீட்டில் பின்பக்கம் பார்க்கிற சீட்டை வைக்கவே வைக்காதீர்கள், அது விரிகிற வேகமே குழந்தையின் உயிரை எடுத்துவிடும். யாரோ பயன்படுத்திய சீட் மலிவாகக் கிடைத்தாலும், அது விபத்தில் அடிபட்டதா என்று தெரியாவிட்டால் வேண்டாம்.

இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம். நம் ஊரில் யாரும் நிறுத்திக் கேட்டு நான் பார்த்ததில்லை, சரி, அதற்காகவா வாங்குகிறோம்?

குழந்தையை உட்காரவைத்து சீட்டின் வாரை மாட்டியதும் தோள் எலும்புக்குமேல் அதை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விழுந்தால் இன்னும் இறுக்க வேண்டும். முதல் நாள் என் மகள் அழுதாள், அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது கிள்ளிப் பார்க்கிறவரே அத்தைதான்.