மன்னிக்க ஒரு தப்பு வேண்டும்

சின்ன ஊர், இரண்டு ஆண்கள், பத்து வருஷத்துக்கு முன் முறிந்த காதல், ஒருவன் திரும்பி வருகிறான். தமிழில் இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். பிரிந்த பழியை மொத்தமாக ஊர் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஊர்தான் பிரித்தது என்றால் இவர்களுக்குள் மன்னிக்க என்ன இருக்கிறது? மறுபடி சேரும் கதைக்கு, ஒருவன் மற்றவனுக்குச் செய்த ஒரு குறிப்பான தப்பு வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லிவிட்டு வராமல் போனான். அல்லது, டீக்கடையில் நாலு பேர் இவனைக் கேலி பண்ணும்போது அவனும் சேர்ந்து சிரித்தான். இரண்டாவதுதான் மோசம், அதனால் கதைக்கு அதுதான் நல்லது. பயம் ஊர் கொடுத்தது. சிரிப்பு அவனுடையது.

'கை கோத்து நடந்தார்கள், தெருவே திரும்பிப் பார்த்தது' என்று எழுதுவதை தயவுசெய்து விடுங்கள். நம் ஊரில் இரண்டு பையன்கள் தோளில் கைபோட்டுத் தேரடி வரை நடந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரே பாயில் படுத்தாலும் சேக்காளிதான். மூன்றாவது ஜாதகத்தையும் வேண்டாமென்று திருப்பி அனுப்பும்போதுதான் ஊருக்குக் காது முளைக்கும். 22 வயதில் இருவர் வீடு எடுத்தால் அது பேச்சிலர் ரூம். 36 வயதில் அதே இருவர் போய் நின்றால் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "ஃபேமிலி எங்க இருக்காங்க?"

எழுத உட்காரும் முன் வருஷத்தை முடிவு பண்ணுங்கள். ஆணும் ஆணும் உடலால் சேர்வதைக் குற்றமாக்கியது இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சம்மதித்துச் சேரும் வயதுவந்தவர்களை அதிலிருந்து விடுவித்தது; 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது; 2018 செப்டம்பர் 6-இல் சம்மதத்தோடு சேரும் வயதுவந்தவர்களுக்கு அது குற்றமில்லை என்றது. 2014-இல் பிரிந்தவனுக்கு போலீஸ் பயம் நிஜம். 2024-இல் திரும்புகிறவனை மிரட்ட "வீட்ல சொல்லிடுவேன்" ஒன்றே போதும்.

ஊரில் தங்கியவனுக்கு இதற்குள் கல்யாணம் ஆகியிருக்கும். அந்த மனைவியைப் பலர் கொன்றுவிடுகிறார்கள், இல்லையென்றால் ராட்சசி ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் எரிச்சல். ஏமாற்றப்பட்டவள் அவள். விவாகரத்தும் அடுத்த அத்தியாயத்தில் கிடைத்துவிடாது. இந்துத் திருமணச் சட்டப்படி இருவரும் ஒத்துக்கொண்டாலும் ஒரு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனுப் போட்டபின் இன்னொரு ஆறு மாதம். அதை நீதிமன்றம் மனசு வைத்தால் குறைக்கலாம். அந்த ஒன்றரை வருஷத்தை அவள் எங்கே, யார் வீட்டில், என்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு கழித்தாள் என்று எழுதாத கதையில் காதலர்கள் சேர்ந்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை.

முடிவில் தாலியோ பதிவுத் திருமணமோ வைக்க முடியாது. ஒரே பாலினத் திருமணம் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பு அந்தக் கதவைத் திறக்கவில்லை. வேறு கதவு உண்டு. ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. நாமினி படிவத்தில் உறவுமுறைக்கு ஒரு கட்டம் உண்டு; பக்கத்தில் 'இருந்தால்' என்றும் அச்சிட்டிருக்கும். சின்ன ஊர் வங்கி, கவுன்டரில் அப்பாவின் பழைய சிநேகிதர். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "தம்பி, உறவுன்னு என்னப்பா போடட்டும்?" என்கிறார். அவன் வாய் திறக்கும் வரைக்குமான நேரத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கலாம்.