தொட்டியில் ஊற்றுவது விஷமா?

சேலத்தில் வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் குடிநீர்த் தொட்டியில் விஷம் கலக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அது கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, அதாவது டெமிபாஸ். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சேர்க்க உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது. புழு சாக அதுவே போதும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. காவிரி நீர் தினமும் வராத தெருக்களில் பிடித்து வைக்கிறோமே, அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தொட்டியைக் காலி செய்தால் மட்டும் தீராது. சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் நீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்குபவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவது வேதனையாக இருக்கிறது. ஐயமிருந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள்; பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள்.